தட்டில் குறைத்த இடத்தில் எதை வைத்தோம்? – சுகர் உள்ளவர்களுக்கு இரத்தக் கொழுப்புப் பாடம்



போன ஆடி மாதம் நம் கூட்டமைப்பில் ஒரு உறுப்பினரை இழந்தோம். வயது 49. பதினோரு வருடம் குழுவில் இருந்தவர். ஒரு தவணைகூடத் தவறாதவர். அன்று காலையில் களை எடுக்கப் போன இடத்தில் அவருக்கு வேர்த்துக் கொட்டியிருக்கிறது, மூச்சு வாங்கியிருக்கிறது. நெஞ்சுவலி இல்லை. "கேஸுதான்" என்று சோடா வாங்கிக் குடித்துவிட்டு வரப்பில் உட்கார்ந்திருக்கிறார். மத்தியானம் வீட்டுக்கு வந்து படுத்தவரைச் சாயங்காலம்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மாரடைப்பு வந்து பல மணி நேரம் ஆகிவிட்டது என்றார்கள். அன்று இரவே போய்விட்டார்.

அவருக்கு ஏழு வருடமாகச் சுகர். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டார். மாதாமாதம் சுகர் பார்த்தார். ஆனால் இரத்தத்தில் கொழுப்பு எவ்வளவு இருக்கிறது என்று ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று யாரும் சொன்னதுமில்லை. அதில் எனக்கும் பங்கு உண்டு. எத்தனையோ கூட்டத்தில் சுகரைப் பற்றிப் பேசியிருக்கிறேன். கொழுப்பைப் பற்றிப் பேசியதில்லை.

அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் தீர்மானம் போட்டோம்: சுகர் உள்ள உறுப்பினர்கள் எல்லோரும் ஒரு தடவை கொழுப்புப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். 23 பேர் செய்தார்கள். ரிப்போர்ட்டுகளை வைத்துக்கொண்டு நர்ஸ் அம்மாவோடு உட்கார்ந்து படித்தபோது நான் கற்றுக்கொண்டதைத்தான் இந்த மாதப் பாடமாக எழுதுகிறேன்.

மூன்று அக்காக்கள், மூன்று ரிப்போர்ட்டுகள்

முதல் அக்காவுக்கு வயது 52. சுகர் வந்து எட்டு வருடம். "கொழுப்பு வரக்கூடாதுன்னு எண்ணெயைச் சுத்தமா விட்டுட்டேன் மேடம். முட்டை இல்லை, மீன் இல்லை. வெறும் சோறு, ரசம், ஊறுகாய்தான்" என்றார். ரிப்போர்ட்டில் மொத்தக் கொழுப்பு 192. இருநூறுக்குள் இருக்கிறது என்று அவருக்குச் சந்தோஷம். எனக்கும் சந்தோஷம்தான்.

இரண்டாவது அக்கா ரோட்டோரம் டிபன் கடை வைத்திருப்பவர். வயது 45. அவருடைய மருமகன் செல்போனில் பார்த்துச் சொன்னதைக் கேட்டு ஆறு மாதமாகச் சோற்றை விட்டுவிட்டார். முட்டை, ஆட்டுக்கறி, வெண்ணெய், தேங்காய் என்று சாப்பிட்டார். ஆறு கிலோ எடை குறைந்தது. சுகரும் நன்றாக இறங்கியது. மொத்தக் கொழுப்பு 248.

மூன்றாவது ஒரு குழுவின் ஊக்குநர். சோற்றைப் பாதியாக்கிப் பயறு, கீரை, மத்தி மீன் என்று மாற்றிக்கொண்டவர். மொத்தக் கொழுப்பு 166.

"ரெண்டாவது அக்காதான் தப்பு பண்ணிட்டாங்க, மத்த ரெண்டு பேரும் சரி" என்றேன் நான். நர்ஸ் அம்மா சிரித்தார். "மேல உள்ள ஒரு வரியை மட்டும் பாக்காதீங்க. கீழ உள்ள மூணு வரியையும் படிங்க" என்றார்.

கீழே உள்ள மூன்று வரிகள்

கொழுப்பு தண்ணீரில் கரையாது. இரத்தத்தில் போக வேண்டுமானால் அதற்கு வண்டி வேண்டும். அந்த வண்டிகளின் கணக்குத்தான் ரிப்போர்ட்டில் இருக்கிறது.

எல்.டி.எல்.: இது சரக்கு வண்டி. ஈரலிலிருந்து கொழுப்பை ஏற்றிக்கொண்டு உடம்பு முழுக்கப் போகும். வண்டி அதிகமானால் இரத்தக் குழாய்ச் சுவரில் சரக்கை இறக்கிவிட்டுப் போகும். அது படிந்து படிந்து குழாயை அடைக்கும். அதனால்தான் கெட்ட கொழுப்பு என்கிறோம்.

எச்.டி.எல்.: இது நம் ஊர்த் தூய்மைக் காவலர் தள்ளி வரும் குப்பை வண்டி மாதிரி. சிந்திக் கிடக்கும் கொழுப்பை எடுத்துக்கொண்டு திரும்ப ஈரலுக்குப் போகும். இதை நல்ல கொழுப்பு என்கிறார்கள்.

டிரைகிளிசரைடு: இதைச் சேமிப்புக் கொழுப்பு என்று வைத்துக்கொள்வோம். தேவைக்கு மேல் சாப்பிட்டதை உடம்பு கொழுப்பாக மாற்றி எடுத்து வைக்கிறது. குழுவில் சேமிப்பு ஏறினால் நல்லது. இரத்தத்தில் இந்தச் சேமிப்பு ஏறினால் நல்லதல்ல.

பெண்களுக்குப் பொதுவாகச் சொல்லும் அளவுகள் இவை. சுகர் உள்ளவர்களுக்கு எல்.டி.எல். 100க்குள் இருக்க வேண்டும். மாரடைப்பு வந்தவர்களுக்கும் ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கும் 70க்குள், சிலருக்கு அதற்கும் கீழே கொண்டுவர டாக்டர்கள் பார்ப்பார்கள். எச்.டி.எல். 50க்கு மேல் வேண்டும். டிரைகிளிசரைடு 150க்குள் வேண்டும்.

இப்போது மூன்று ரிப்போர்ட்டுகளையும் மறுபடி பாருங்கள்.

முதல் அக்கா (சோறு, ரசம்): எல்.டி.எல். 104. எச்.டி.எல். 34. டிரைகிளிசரைடு 270.

இரண்டாவது அக்கா (கறி, வெண்ணெய்): எல்.டி.எல். 178. எச்.டி.எல். 46. டிரைகிளிசரைடு 120.

மூன்றாவது அக்கா (பாதிச் சோறு, பயறு, மீன்): எல்.டி.எல். 92. எச்.டி.எல். 45. டிரைகிளிசரைடு 145.

"எல்லாம் சரி" என்று நாங்கள் நினைத்த முதல் அக்காவுக்குக் குப்பை வண்டி தேவையான அளவு ஓடவில்லை என்ற நிலைமை. சேமிப்புக் கொழுப்பு இரட்டை மடங்கை நெருங்குகிறது. மொத்தக் கணக்கு 192 என்றிருந்ததால் இது வெளியே தெரியவில்லை. குழுக் கணக்கிலும் இப்படித்தானே? மொத்த இருப்பு சரியாக இருக்கும். உள்ளே யாருடைய தவணை பாக்கி என்று பார்த்தால்தான் விஷயம் தெரியும்.

சுகர் உள்ளவர்களுக்கு ஏன் இப்படி?

நமக்கு வருகிற சுகர் பெரும்பாலும் இரண்டாம் வகை. இன்சுலின் சுரக்கும், ஆனால் உடம்பு அதன் பேச்சைக் கேட்காது. இன்சுலினுக்குச் சர்க்கரையைக் கவனிக்கும் வேலை மட்டும் இல்லை. கொழுப்பை அதன் இடத்தில் இருத்தி வைப்பதும் அதன் வேலைதான். அதன் பேச்சு எடுபடாதபோது உடம்பில் உள்ள கொழுப்பு கரைந்து ஈரலுக்கு வருகிறது. ஈரல் அதை டிரைகிளிசரைடாகக் கட்டி இரத்தத்தில் விடுகிறது. டிரைகிளிசரைடு ஏற ஏற நல்ல கொழுப்பு குறைகிறது. எல்.டி.எல். வண்டிகளும் சின்னச் சின்னதாக, எண்ணிக்கையில் அதிகமாக ஆகிவிடுகின்றன. சின்ன வண்டி குழாய்ச் சுவருக்குள் எளிதாக நுழையும். ரிப்போர்ட்டில் எல்.டி.எல். 104 என்று பார்க்கச் சாதாரணமாகத் தெரிந்தாலும் சுகர் உள்ளவர்களுக்கு அது முழுக் கதை இல்லை என்பது இதனால்தான்.

2023ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. சுகர் இருந்தால் மாரடைப்பு, பக்கவாதம் இரண்டுக்கும் வாய்ப்பு அதிகம். ஆகவே சுகர் பார்ப்பதோடு நம் வேலை முடிந்துவிடாது.

முதல் சாப்பாடு: எண்ணெயை விட்டுச் சோற்றைக் கூட்டியது

"நான் எண்ணெயே தொடலையே, எனக்கு எப்படிக் கொழுப்பு வந்துச்சு?" என்று முதல் அக்கா கேட்டார். நியாயமான கேள்வி.

சோறு மாவுச்சத்து. வயிற்றுக்குள் போய்ச் சர்க்கரையாகிறது. வேலைக்குத் தேவையானது போக மிஞ்சியதை ஈரல் கொழுப்பாக்கிவிடும். அதாவது எண்ணெய் ஊற்றாத சோறும் உடம்புக்குள் போய்க் கொழுப்பாகும். அந்தக் கொழுப்பு டிரைகிளிசரைடு வரியில் தெரியும். அக்கா எண்ணெயை, மீனை, முட்டையை நிறுத்தினார். வயிறு காலியாக இருந்தது. அந்த இடத்தைச் சோற்றால் நிரப்பினார். நான்கு மணிக்கு டீயும் இரண்டு பிஸ்கட்டும். பிஸ்கட்டில் மைதா, சீனி, கெட்டியான கொழுப்பு மூன்றும் இருக்கிறது.

இது அவர் ஒருவர் கதை இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இன்னொரு ஆய்வு 2025ல் வெளிவந்தது. நம் நாட்டு மக்களுக்குச் சாப்பாட்டில் கிடைக்கும் சக்தியில் நூற்றுக்கு ஏறக்குறைய 62 பங்கு மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்று அது சொல்கிறது.

சோற்றுக்குப் பதில் சப்பாத்தி என்றால்? களி என்றால்? கோதுமை, கேழ்வரகு, கம்பு, குதிரைவாலி எல்லாமே மாவுச்சத்துதான். தீட்டாத தானியத்தில் நார்ச்சத்து கூடுதல் என்பது உண்மை. ஆனால் "சிறுதானியம்தானே" என்று மூன்று உருண்டை களி சாப்பிட்டால் சோறு சாப்பிட்ட கணக்குத்தான் வரும். தானியத்தை மாற்றினால் மட்டும் போதாது, அளவையும் குறைக்க வேண்டும்.

இரண்டாவது சாப்பாடு: சோற்றை விட்டுக் கறியும் வெண்ணெயும் கூட்டியது

டிபன் கடை அக்கா செய்ததில் நல்லதும் இருக்கிறது. சோற்றைக் குறைத்ததும் சுகர் இறங்கியது. டிரைகிளிசரைடு இறங்கியது. நல்ல கொழுப்பு ஏறியது. மாவுச்சத்தைக் குறைப்பவர்களுக்குப் பொதுவாக நடப்பது இதுதான். அவரைத் திட்ட வேண்டியதில்லை.

ஆனால் சோறு போன இடத்துக்கு எது வந்தது? வெண்ணெய், நெய், கொழுப்போடு சேர்ந்த ஆட்டுக்கறி, தேங்காய். இவற்றில் உறையும் கொழுப்பு அதிகம். இரத்தத்தில் ஓடும் எல்.டி.எல். வண்டிகளை ஈரல்தான் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். உறையும் கொழுப்பு அதிகமாகச் சாப்பிடும்போது அந்த இழுக்கும் கதவுகள் குறைந்துவிடும். வண்டிகள் இரத்தத்திலேயே சுற்றும். அதுதான் 178.

எல்லோருக்கும் ஒரே மாதிரி ஏறாது. சிலருக்கு எல்.டி.எல். கொஞ்சமாக ஏறும், சிலருக்கு ஒரேயடியாக ஏறும். நமக்கு எப்படி என்று பரிசோதனை செய்தால்தான் தெரியும். எடை குறைந்தது, சுகர் குறைந்தது என்று சந்தோஷப்பட்டு இதைப் பார்க்காமல் விடுவதில்தான் ஆபத்து.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் திடீரென்று சோற்றை நிறுத்தக் கூடாது. மாத்திரை அளவு பழையபடியே இருக்கும், சோறு இருக்காது. சுகர் ஒரேயடியாக இறங்கி மயங்கி விழ வாய்ப்பு உண்டு. சிறுநீரகம் பாதித்தவர்கள் கறி, பயறு இரண்டையுமே டாக்டர் சொன்ன அளவில்தான் சாப்பிட வேண்டும்.

மூன்றாவது சாப்பாடு: பாதிச் சோறு, மீதி இடத்தில் பயறும் காயும்

ஊக்குநர் அக்கா எதையும் அடியோடு விடவில்லை. சோற்றைப் பாதியாக்கினார். அந்த இடத்தில் பாசிப்பயறு, கொள்ளு, கீரை, அவரைக்காய், வாரம் இரண்டு நாள் மத்தி மீன் குழம்பு, சாயங்காலம் ஒரு கைப்பிடி அவித்த கடலை வந்தது.

பயறும் காயும் கொழுப்பை எப்படிக் குறைக்கும்? ஈரல் பித்தநீரைத் தயாரிப்பது கொழுப்பிலிருந்துதான். பயறு, அவரை, வெந்தயம், ஓட்ஸ் போன்றவற்றில் உள்ள கொழகொழப்பான நார்ச்சத்து குடலில் அந்தப் பித்தநீரைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு வெளியே போய்விடும். ஈரலுக்குப் புதிதாகப் பித்தநீர் வேண்டும். அதற்காக இரத்தத்திலுள்ள கெட்ட கொழுப்பை இழுத்துக்கொள்ளும். இப்படி எல்.டி.எல். இறங்கும். அதே நார்ச்சத்து சுகர் வேகமாக ஏறாமலும் பார்த்துக்கொள்ளும். மத்தி, அயிலை போன்ற மீன்களில் உள்ள எண்ணெய் டிரைகிளிசரைடு குறைய உதவும். குழம்பாக வைத்தால் நல்லது. எண்ணெயில் பொரித்தால் அந்தப் பலன் போய்விடும். கருவாட்டில் உப்பு அதிகம், பிரஷர் உள்ளவர்கள் ஒதுக்க வேண்டும்.

ஸ்பெயின் நாட்டில் ஏறக்குறைய 7,400 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. அவர்களில் பாதிப் பேர் அளவுக்குச் சுகர் உள்ளவர்கள். காய்கறி, பயறு, மீன் என்ற அவர்களுடைய ஊர்ச் சாப்பாட்டோடு ஆலிவ் எண்ணெயோ கொட்டைப் பருப்புகளோ கூடுதலாகச் சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை குறைந்தன. 2013ல் வெளிவந்த அந்த ஆய்வில் ஆட்களைப் பிரித்த விதத்தில் குறை தெரிந்ததால், 2018ல் திருத்தி மறுபடி வெளியிட்டார்கள். முடிவு ஏறக்குறைய அதேதான். ஆலிவ் எண்ணெய்க்கு நாம் எங்கே போவது? நம் மானாவாரிக் காட்டில் விளையும் கடலையில் உள்ள கொழுப்பிலும் ஏறக்குறைய பாதி அதே வகைதான்.

ஊக்குநர் அக்கா விஷயத்தில் ஒன்றை மறைக்கக் கூடாது. அவர் டாக்டர் எழுதிக் கொடுத்த கொழுப்பு மாத்திரையும் தினமும் சாப்பிடுகிறார். அந்த 92 சாப்பாடும் மாத்திரையும் சேர்ந்து செய்த வேலை.

ஆக, மூன்று பேர் கதையிலும் விஷயம் ஒன்றுதான். எண்ணெயைக் குறைத்தோமா, சோற்றைக் குறைத்தோமா என்பது பாதிக் கேள்வி. குறைத்த இடத்தில் எதை வைத்தோம் என்பதுதான் மீதிக் கேள்வி.

எண்ணெய்க் கணக்கு

பாக்கெட்டில் "கொலஸ்ட்ரால் இல்லாதது" என்று போட்டிருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். செடி, மரத்திலிருந்து வரும் எந்த எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் என்று சொல்லும்படி இருக்காது. பாமாயிலிலும் இருக்காது. பார்க்க வேண்டியது உறையும் கொழுப்பு எவ்வளவு என்பதை.

தேங்காய் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு. நெய்யில் பாதிக்கு மேல். ரேஷன் பாமாயிலில் பாதிக்குச் சற்றுக் குறைவு. கடலை எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்கு அளவு. நல்லெண்ணெயில் அதைவிடக் கொஞ்சம் குறைவு. சூரியகாந்தி எண்ணெயில் பத்தில் ஒரு பங்கு அளவு.

"ரேஷன்ல குடுக்குற பாமாயிலை ஊத்தாம என்ன செய்ய? கடலை எண்ணெய் விக்கிற வெலைக்கு?" என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. பாமாயிலைக் கீழே கொட்டச் சொல்லவில்லை. அளவைக் குறையுங்கள். எல்லா எண்ணெயும் சேர்த்துத் தலைக்கு மாதம் அரை லிட்டர் என்று வைத்துக்கொள்வது நல்ல கணக்கு. நாலு பேர் வீட்டுக்கு மாதம் இரண்டு லிட்டர். ஒருவருக்கு ஒரு நாளைக்கு டீ ஸ்பூனால் மூன்று, மூன்றரை. டப்பாவிலிருந்து நேராகச் சட்டியில் ஊற்றாமல் ஸ்பூனால் அளந்து ஊற்றிப் பாருங்கள், எவ்வளவு மிச்சமாகிறது என்று தெரியும். பாமாயில் ஒரு லிட்டர், கடலை எண்ணெய் அல்லது நல்லெண்ணெய் ஒரு லிட்டர் என்று பிரித்துக்கொண்டால் செலவும் தாங்கும்.

வனஸ்பதியில் செய்த பண்டங்களை ஒதுக்குங்கள். அதில் இருந்த டிரான்ஸ் கொழுப்பு கெட்டதை ஏற்றி நல்லதை இறக்கும், இரண்டு பக்கமும் கேடு. 2022 ஜனவரி முதல் உணவுப் பொருளில் உள்ள எண்ணெய், கொழுப்பில் அது நூற்றுக்கு 2 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று சட்டம் வந்துவிட்டது. இருந்தாலும் வனஸ்பதியில் உறையும் கொழுப்பு அதிகம்தான். வடை சுட்ட எண்ணெயை நாலு நாள் வைத்து மறுபடி மறுபடி காய்ச்சவும் வேண்டாம்.

யார் கடைசியில் சாப்பிடுகிறார்கள்?

முதல் அக்கா வீட்டுக்கு நானும் ஒருநாள் மத்தியானம் போனேன். அன்று பருப்புக் குழம்பு, முருங்கைக்கீரைப் பொரியல். சமைத்தது நல்ல சமையல். மகன் சாப்பிட்டார், வீட்டுக்காரர் சாப்பிட்டார், பேரப்பிள்ளைகள் சாப்பிட்டார்கள். அக்கா உட்காரும்போது மணி மூன்று. பொரியல் சட்டி காலி. குழம்பில் தெளிவுதான் இருந்தது. சோறு மட்டும் நிறைய இருந்தது. அதில் ரசத்தை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டார். "சோத்தை வீணாக்கக் கூடாதுல்ல மேடம்" என்றார்.

270 எங்கிருந்து வந்தது என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. காயும் பயறும் காசு. குறைவாக இருப்பதை மற்றவர்களுக்கு வைத்துவிட்டு, நிறைய இருப்பதை அம்மாக்கள் சாப்பிடுகிறோம். இதைப் பாசம் என்கிறோம். பாசம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வீட்டில் சுகர் உள்ளது அக்காவுக்குத்தான். காயும் பயறும் மருந்து மாதிரித் தேவைப்படுவதும் அவருக்குத்தான்.

அன்றைக்கு அக்காவிடம் ஒன்றுதான் கேட்டுக்கொண்டேன். கடைசியில் சாப்பிட்டாலும் பரவாயில்லை, சமைத்து இறக்கியதும் உங்கள் பங்குக் காயையும் பருப்பையும் ஒரு கிண்ணத்தில் தனியாக எடுத்து மூடி வையுங்கள் என்றேன். முதலில் வெட்கப்பட்டார். "எனக்குன்னு எடுத்து வச்சா என்ன நினைப்பாக?" என்றார். பிறகு பேத்தியே எடுத்து வைக்க ஆரம்பித்துவிட்டாள்.

ஒரு நாள் சாப்பாடு: மாதிரி

காலை: இட்லி மூன்று அல்லது கேழ்வரகு அடை இரண்டு. தேங்காய்ச் சட்னி மட்டும் என்றில்லாமல் காய் போட்ட சாம்பார்.

மத்தியானம்: தட்டை மனதில் நாலாகப் பிரியுங்கள். இரண்டு பங்கு காயும் கீரையும். ஒரு பங்கு பருப்பு, பயறு, மீன் அல்லது முட்டை. ஒரு பங்கு சோறு.

சாயங்காலம்: பிஸ்கட்டுக்குப் பதில் தட்டைப்பயறு அல்லது கொண்டைக்கடலைச் சுண்டல், இல்லையென்றால் ஒரு கைப்பிடி அவித்த கடலை. டீயில் சீனி வேண்டாம். கருப்பட்டி, வெல்லம் போட்டாலும் சுகர் ஏறும்.

இரவு: தோசை இரண்டு அல்லது சப்பாத்தி இரண்டு, கொள்ளுத் துவையல் அல்லது காய்க் கூட்டு. நேரத்தோடு சாப்பிடுங்கள்.

ரேஷன் துவரம் பருப்பை வாரக் கணக்குப் போட்டுச் செலவழியுங்கள். கொள்ளு, தட்டைப்பயறு மொத்தமாக வாங்கிக் குழுவில் பிரித்துக்கொண்டால் கைக்கு அடக்கமாகும். வாயு பிடிக்கிறது என்பவர்கள் இரவே ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு நன்றாக வேகவையுங்கள். முருங்கை நம் வேலியிலேயே இருக்கிறது.

உறுப்பினர்கள் கேட்ட கேள்விகள்

முட்டை சாப்பிடலாமா?
ஒரு முட்டையின் மஞ்சள் கருவில் ஏறக்குறைய 200 மில்லிகிராம் கொலஸ்ட்ரால் இருக்கிறது. ஆனால் இரத்தத்தில் உள்ள கொழுப்பில் பெரும்பகுதியை நம் ஈரலே தயாரிக்கிறது. அதை ஏற்றிவிடுவதில் உறையும் கொழுப்புக்குத்தான் அதிகப் பங்கு. வாரத்தில் மூன்று, நான்கு அவித்த முட்டை பெரும்பாலோருக்குச் சரி. எல்.டி.எல். அதிகம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெறும் வயிற்றில் பூண்டு, வெந்தயம் சாப்பிட்டால் போதுமா?
வெந்தயத்தில் நார்ச்சத்து உண்டு, சாப்பாட்டோடு சேர்த்துக்கொள்ளலாம். பூண்டும் சேர்த்துக்கொள்ளலாம். மாத்திரைக்குப் பதிலாக எதுவும் ஆகாது.

எனக்குக் கொழுப்பு நார்மல்தான், பிறகு ஏன் டாக்டர் கொழுப்பு மாத்திரை எழுதுகிறார்?
சுகர் உள்ளவர்களுக்கு நாற்பது வயதுக்கு மேல் கொழுப்பு அளவு சுமாராக இருந்தாலும் மாரடைப்பைத் தடுக்கவே அந்த மாத்திரையைக் கொடுப்பது வழக்கம். நாமாக நிறுத்தக் கூடாது. உடம்பு வலி மாதிரி தொந்தரவு வந்தால் டாக்டரிடம் சொன்னால் மாற்றித் தருவார்.

சாப்பாட்டை மாற்றினால் எப்போது தெரியும்?
மூன்று மாதம் கழித்து மறுபடி பரிசோதனை செய்யுங்கள். அதன்பின் வருடம் ஒரு தடவையாவது பார்க்க வேண்டும். டிரைகிளிசரைடு 500க்கு மேல் போனால் காத்திருக்க வேண்டாம், கணையம் வீங்கும் ஆபத்து உண்டு. உடனே டாக்டரிடம் போங்கள்.

சாப்பாட்டோடு தினமும் அரை மணி நேரம் வேக நடையும் வேண்டும். வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் இருந்தால் அதை விட வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகச் சுகர், பிரஷர் மாத்திரை கொண்டுவரும் பெண் தன்னார்வலர்கள் நம் மாதிரிக் குழுக்களிலிருந்து போனவர்கள்தான். கொழுப்புப் பரிசோதனை எங்கே, எந்த நாளில் செய்யலாம் என்று அவர்களிடமும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கேளுங்கள்.

இதை மட்டும் மறக்க வேண்டாம்

சுகர் உள்ளவர்களுக்கு நெஞ்சுவலி இல்லாமலும் மாரடைப்பு வரும். திடீர் வேர்வை, மூச்சு வாங்குதல், தாடை, தோள், முதுகில் வலி, காரணமில்லாத அசதி, மேல்வயிற்றில் அமுக்குவது மாதிரி இருத்தல், இவை வந்தால் கேஸ் என்று சோடா குடித்துக்கொண்டு உட்கார வேண்டாம். உடனே 108ஐக் கூப்பிடுங்கள். காசு இல்லை, வீட்டில் ஆள் இல்லை என்று தயங்கினால் குழுத் தலைவிக்குச் சொல்லுங்கள். அவசரத்துக்குத்தானே குழு.

அடுத்த குழுக் கூட்டத்தில் செய்ய வேண்டியவை

1. நேற்று மூன்று வேளையும் சாப்பிட்டதை ஒவ்வொருவரும் சொல்லுங்கள். எழுதத் தெரிந்தவர் எழுதிக்கொள்ளட்டும். சோறு எத்தனை பங்கு, காய், பயறு எத்தனை பங்கு?

2. நேற்று உங்கள் வீட்டில் யார் முதலில் சாப்பிட்டார்கள், யார் கடைசி? கடைசியில் சாப்பிட்டவருக்கு என்ன மிச்சம் இருந்தது?

3. உங்கள் வீட்டில் மாதம் எத்தனை லிட்டர் எண்ணெய் செலவாகிறது? தலைக்கு எவ்வளவு வருகிறது?

4. சுகர் உள்ள உறுப்பினர்களில் கொழுப்புப் பரிசோதனை செய்யாதவர்கள் யார் யார்? என்றைக்குப் போவது, கூடப் போவது யார் என்று தீர்மான நோட்டில் எழுதுங்கள்.

முதல் அக்கா நாலு மாதம் கழித்து மறுபடி பரிசோதனை செய்தார். டிரைகிளிசரைடு 270லிருந்து 188க்கு வந்திருக்கிறது. எச்.டி.எல். 34லிருந்து 37. இன்னும் இறங்க வேண்டியதும் ஏற வேண்டியதும் இருக்கிறது. கொழுப்பு மாத்திரையும் ஆரம்பித்திருக்கிறார். டிபன் கடை அக்கா வெண்ணெயை நிறுத்திவிட்டார். சோற்றைப் பழையபடி கூட்டவில்லை, அந்த இடத்தில் சுண்டலும் கீரையும் சாப்பிடுகிறார். அவருக்கு அடுத்த மாதம் பரிசோதனை. ஆடியில் போன நம் சகோதரியின் குழுவில் மீதி இருக்கும் பதிமூன்று பேரில் சுகர் உள்ள நாலு பேரும் பரிசோதனை செய்து முடித்துவிட்டார்கள். உங்கள் குழுவில் எத்தனை பேர்?